உத்தனப்பள்ளிக்கு வந்த லேத் பட்டறை

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இருந்த அக்காவின் லேத் பட்டறையில் ஒருநாள் மோட்டார் பெல்ட் அறுந்தது. "பாய், பெல்ட் போச்சு" என்று அக்கா குரல் கொடுத்தார். பக்கத்து ஷெட்டிலிருந்து மதிலுக்கு மேலாக பெல்ட் ஒன்று பறந்து வந்தது. "போன வாரம் உங்கிட்ட வாங்கினதுதாம்மா, கண்டுக்காத" என்றார் பாய்.

சரக்குக் கூலி குறைவான இடத்தைப் பார்த்துத்தான் தொழிற்சாலை அமையும் என்று அந்த வாரம்தான் கல்லூரியில் படித்திருந்தேன். மதில் தாண்டி வந்த பெல்ட்டை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது? பொருளாதாரம் என்னைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். ஓரிடத்தில் தொழிலை ஊன்றினால் வளர்ச்சி சுற்றுவட்டாரத்துக்குப் பரவும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த இடமே சுற்றியுள்ள ஆட்களையும் மூலதனத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று வேறு சிலர் எச்சரித்தார்கள். அருகருகே இருப்பதாலேயே தொழில்கள் பலப்படும் என்ற பழைய எண்ணம், பின்னாளில் புதுக் கணக்குகளோடு திரும்பி வந்தது.

அக்கா உத்தனப்பள்ளியில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். டிப்ளமோ முடித்து, ஓசூரில் கம்பெனி வேலை பார்த்து, சொந்தப் பட்டறை வைத்து, அப்பா இல்லாத வீட்டில் என்னையும் படிக்க வைத்தார். அவரிடம் வேலை செய்த பெண்கள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பக்கம். விடியுமுன் பஸ் பிடித்து வந்தவர்கள். பட்டறையையே ஊருக்குக் கொண்டுபோக அவர் முடிவெடுத்தபோது பாய் தடுத்தார்.

"அங்க ஒரு டிரில் உடைஞ்சா யாரும்மா குடுப்பாங்க?"

"பொண்ணுங்க எல்லாம் அங்க இருக்காங்க. மெஷினுக்கு மட்டும் இங்க என்ன வேலை பாய்?"

இருவரும் சொன்னபடியே நடந்தது. பெண்கள் நடந்தே வேலைக்கு வந்தார்கள். ஆனால் கட்டர் மழுங்கினால் சாணை பிடிக்க ஓசூருக்கு ஓட வேண்டும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும். ஆர்டர்கள் நழுவின. நோயில் படுத்த பிறகும் அக்காவுக்கு அதே கவலை. வித்துடலாம் என்றார் அம்மா.

"ஒத்தையா கிடக்கறதுதாம்மா நோவு. பட்டறைக்குச் சொல்றேன்" என்று சிரித்த அக்கா, என் பக்கம் திரும்பினார். "உன் புக்குல இதுக்கு மருந்து போட்டிருக்காடி?"

"இன்னும் அந்தப் பக்கம் வரலக்கா."

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த அத்தை, மாமா, ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகள், அக்கா மறைந்து இந்த ஓராண்டும் ஆர்டர் பிடித்துத் தந்த பாய், பட்டறையைத் திறந்தே வைத்திருந்த பெண்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பட்டறையை விற்கவில்லை. ஷெட்டில் பாதியைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிட்டோம். பாயின் மருமகன் சாணை மெஷினோடு அங்கே வருகிறார். "ஆறு மாசம் பாப்பேன். வேலை வரலன்னா மெஷினை ஏத்திட்டுக் கிளம்பிடுவேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். ஒரே பட்டறையின் கட்டர்கள் அவருக்குப் போதாது. எங்களுடையதும் அவருடையதும் போக, அதற்குள் மூன்றாவது பட்டறை ஒன்று பக்கத்தில் வந்தாக வேண்டும். அப்படி ஒருவரை அழைத்துவர, திங்கட்கிழமை ஜூஜுவாடியில் முதல் ஷெட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறேன்.