ஒரகடம் தாண்டி நின்றுபோன கார்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, முடிச்சூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு என் பழைய காரில் போய் வந்தேன். ஐம்பத்தாறு கிலோமீட்டர்தான். இதற்கு ஒரு பதிவா என்று கேட்பீர்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

என் தங்கை கவிதாவும் அவள் கணவர் பிரபுவும் தத்தெடுக்க விண்ணப்பித்து மூன்றரை வருடம் காத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு காப்பகத்தில் எட்டு மாதப் பெண் குழந்தை. ஆவண வேலையெல்லாம் முடிந்து, அன்று காலை பதினொரு மணிக்கு வந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றார் பிரபு. கவிதா கேட்கவில்லை. “அக்கா வண்டியிலதான் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்” என்று ஒரே பிடிவாதம். இந்தக் காத்திருப்பில் ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று அவளை எங்கெல்லாமோ அழைத்துப்போனது இந்த வண்டிதான்.

வண்டிக்கு முப்பது வயது. நானே ஓட்டுவேன், சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன். முந்தைய நாள் ரேடியேட்டர் தண்ணீர், எண்ணெய், டயர் காற்று எல்லாம் பார்த்து, பெட்ரோலும் முக்கால் டேங்க் நிரப்பி வைத்திருந்தேன்.

காலை 7.45க்குக் கிளம்பினோம். படப்பை தாண்டியதும், பன்னிரண்டாவது கிலோமீட்டரில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. இரண்டு முறை குலுங்கியது, நின்றது. மணி 8.10. செல்ஃப் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து ஒயர்களை ஒருமுறை அழுத்திவிட்டேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. ஏதோ ஒயர் தளர்ந்திருந்தது, நான் அழுத்தியதில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு.

ஒரகடம் சந்திப்பைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் வாலாஜாபாத் பக்கம் போயிருப்போம். அதே குலுக்கல். 8.45க்கு மறுபடி நின்றது. வலது பக்கம் ஒரு தொழிற்சாலையின் மதில் முடியவே முடியாமல் நீண்டது. கம்பிக் கதவு வழியே பார்த்தால் உள்ளே புத்தம்புதுக் கார்கள் வரிசையாக நின்றன. இடது பக்கம் ஒரு டீக்கடை. கம்பெனி பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிப் போயின.

டீக்கடைக்காரர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். “இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? பெட்ரோல் கீதா, பாத்தியா?”

“முக்கால் டேங்க் இருக்குண்ணே.”

“இரு, நம்மாளு ஒருத்தன் ஷெட் வச்சிகினு கீறான்” என்று போன் போட்டு என்னிடம் கொடுத்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “கார்புரேட்டரா? நான் கம்ப்யூட்டர் ஸ்கேனர் மாட்டித்தான்மா பாக்குறது. இதுல எங்க மாட்டுறது?” என்றார். நாட்டுக்கே கார் செய்துகொடுக்கும் சாலையில் என் காரைத் தொட ஆளில்லை.

இந்த முறை பத்து நிமிடம் கழித்தும் வண்டி கிளம்பவில்லை. ஒருவழியாக ஸ்டார்ட் ஆனபோதும் பத்தடி நகர்ந்து நின்றுவிட்டது. கவிதா பின்சீட்டில் குழந்தைக்கு வாங்கிய மஞ்சள் டர்க்கித் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரபு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானே சொன்னேன், “கேப் போடுங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க.”

“நீ இல்லாம நான் எப்படிக்கா?” என்றாள் கவிதா.

“வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு வர முடியுமா? நீ போ. எப்படியும் நான் வந்துடுவேன்.”

9.25க்குக் கேப் வந்தது. காஞ்சிபுரத்துக்கு 940 ரூபாய். அவர்கள் போன பிறகு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது. டீக்கடைக்காரர் பார்க்கக்கூடாதென்று இன்னும் குனிந்துகொண்டேன்.

அழுது என்ன ஆகப்போகிறது? முறையாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். செல்ஃப் சுற்றியும் பெட்ரோல் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் முதலில் இரண்டைத்தான் பார்க்க வேண்டும்: நெருப்புப் பொறி, பெட்ரோல். பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்தேன். செல்ஃப் அடிக்க ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது வயதிருக்கும். பெயர் முத்துச்செல்வி, சங்கரன்கோவில் பக்கம். கம்பெனியில் இரவு ஷிஃப்டோடு இரண்டு மணி நேரம் ஓ.டி.யும் பார்த்துவிட்டு ரூமுக்குப் போகும் வழியில் டீக்கு நின்றிருக்கிறாள். “கார் ஓட்டத் தெரியாதுக்கா. சாவியத் திருகணும், அம்புட்டுதான?” என்றாள்.

திருகினாள். பிளக்கில் பளீரென்று நீலப் பொறி. அப்படியென்றால் ஒயர் குற்றமில்லை. பிளக்கை மாட்டிவிட்டு, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். அவள் மறுபடி செல்ஃப் அடித்தாள். குழாய் பீய்ச்சியிருக்க வேண்டும். இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். வழியிலிருக்கும் பில்டரைக் கழற்றி ஊதினேன். காற்று தாராளமாகப் போனது, அடைப்பில்லை.

மிச்சம் இருந்தது பெட்ரோல் பம்ப். இந்த மாடலுக்கு உதிரி பம்ப் கிடைக்க வாரக்கணக்காகும். “பம்ப் போயிடுச்சு. இன்னைக்கு இது நகராது” என்று சொல்லிவிட்டு சாலையோர மதகின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முத்துச்செல்வி போகவில்லை. “மொதல்ல நின்னப்ப என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. பத்து நிமிஷம் கழிச்சு அதுவா ஸ்டார்ட் ஆச்சு.”

“பம்பு செத்திருந்தா அதுவா எப்படிக்கா பொழைக்கும்?” கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா சூப்பர்வைசர் கேக்குற மொதக் கேள்வி, நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு, எதை மாத்துனீங்கன்னுதான். நீங்க எதை மாத்துனீங்க?”

“எதையும் மாத்தல.” அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. “பெட்ரோல் டேங்க் மூடி மட்டும். பழசுல பூட்டு உடைஞ்சிடுச்சு. பத்து நாள் முன்னாடி புதுசு வாங்கிப் போட்டேன். ஆனா தினமும் வேலைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேனே, ஒரு தொந்தரவும் இல்லை.”

“பள்ளிக்கூடம் எம்புட்டுத் தூரம்?”

“மூணு கிலோமீட்டர்.”

அவள் முகம் மாறிவிட்டது. “அக்கா, நான் கம்பெனில பெட்ரோல் டேங்க் லைன்ல லீக் டெஸ்ட் பாக்கேன். பெட்ரோல் போகப் போக அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும்லா? வழி இல்லன்னா பம்பு எம்புட்டு இழுத்தாலும் வராது. அந்த மூடியத் தெறங்க.”

பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன். “ஸ்ஸ்ஸ்” என்று நீளமாக ஒரு சத்தம். டேங்க் வெளிக்காற்றை ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் ஓடிப்போய்ச் செல்ஃப் அடித்தாள். குழாய் பாட்டிலுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சியது. நான் கத்தியதில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தோம். காற்று போக நடுவில் குண்டூசி அளவு துளை இருந்தது. ஆனால் உள்ளே வைத்திருந்த ரப்பர் வட்டம் அந்தத் துளையை முழுவதுமாக மறைத்திருந்தது. முதல்முறை நின்றபோது எங்கோ கசிந்த கொஞ்சம் காற்றில் வண்டி மறுபடி ஓடியிருக்கிறது. என் ஒயர் வைத்தியத்தால் அல்ல. மூன்று கிலோமீட்டருக்குள் இந்தக் குறை தலைகாட்டியிருக்கவும் வழியில்லை.

டீக்கடைக்காரர் பிளேடு கொடுத்தார். ரப்பரின் நடுவில் சிறிதாக வெட்டி எடுத்தோம். முத்துச்செல்வி மூடியைத் துடைத்து, துளையில் வாய் வைத்து ஊதினாள். காற்று போனது. “பாஸ்” என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள். குழாயை மாட்டி இறுக்கினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மணி 10.05.

“எங்க இவ்ளோ அவசரமாப் போறீங்க?” என்று அப்போதுதான் கேட்டாள். சொன்னேன். “அட, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா! கெளம்புங்க கெளம்புங்க” என்று என்னைக் கதவுக்குள் தள்ளாத குறைதான். என் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மீதி முப்பத்துமூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் குலுங்குமோ குலுங்குமோ என்றிருந்தது. குலுங்கவில்லை. 11.10க்குக் காப்பகத்துக்குள் நுழைந்தேன். பிரபு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கவிதா என் கையைப் பார்த்தாள், முழங்கைவரை கரி. “போய்க் கழுவிட்டு வா. நீ தூக்க வேண்டாமா?” என்றாள். பதினைந்து நிமிடம் கழித்துக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அது யாரையும் பார்த்து அழவில்லை. கவிதாதான் அழுதாள்.

அதே வழியில் மதியம் திரும்பினோம். டீக்கடையில் நிறுத்தினேன். “அந்தப் பொண்ணு தூங்கினு இருக்கும்மா, திரும்ப நைட் ஷிஃப்டு” என்றார் கடைக்காரர். காஞ்சிபுரத்தில் வாங்கிய இனிப்பை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். ஒரகடம் சந்திப்பில் ஷிஃப்ட் மாறும் நேர நெரிசல், இருபது நிமிடம் பிடித்தது. எஞ்சின் சத்தத்தில் குழந்தை வீடுவரை தூங்கியது.

பழைய வண்டியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் அல்லது ஒன்பதுக்குப் பிறகு ஒரகடத்தைக் கடந்துவிடுங்கள். இடைப்பட்ட நேரம் கம்பெனி பேருந்துகளுடையது. வண்டியில் பிளக் ஸ்பேனர், ஒரு மீட்டர் ரப்பர் குழாய், கிளிப்புகள், ஒரு பில்டர், டார்ச் இருக்கட்டும். என் பையில் இவையெல்லாம் சேர்த்தே 600 ரூபாய்க்குள்தான். கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறவிட்டால் ஓடி, மறுபடி நின்றால், பம்பைப் பழிப்பதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். மூடியைத் திறந்து போட்டபடி மட்டும் வண்டி ஓட்டாதீர்கள். குழாய் கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், பொறி பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் இருக்கக்கூடாது. அதைவிட முக்கியம், புதிதாக மாட்டிய எதையும் நம்பி நீண்ட பயணம் போகாதீர்கள். முதலில் ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

அன்று மாலை ஆறரைக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு. முத்துச்செல்வி. பின்னால் பேருந்துச் சத்தம்.

“அக்கா, வண்டி வழியில நின்னுச்சா?”

“ஒரு எடத்துலயும் நிக்கல.”

“பாப்பா?”

போனைக் கவிதாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை போனைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தது, விட்டது, பிறகு உரக்க ஏதோ ஒரு சத்தம் போட்டது. அந்தப் பக்கம் முத்துச்செல்வி சிரிப்பதும், “ஏட்டி, இங்க வா, நீயும் கேளு” என்று பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரியைக் கூப்பிடுவதும் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.