பழைய எலும்பும் பழைய சோறும்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள் வாயே திறப்பதில்லை, அவர்கள் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச்செல்லாம் உயிரோடு இருக்கிறவர்களிடம் வாங்குவதுதான்.

அடையாற்றில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. தற்காலிகம்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை அறிவியல் படித்ததும், கழுவினால் பளிச்சென்று கழுவுவேன் என்பதும்தான் என் தகுதி. முதுமக்கள் தாழியில் கிடைத்த எலும்பைச் சுரண்டி, கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, உள்ளே மிச்சமிருக்கும் சத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். கம்பில் இருக்கும் கார்பன் ஒரு மாதிரி, நெல்லில் இருப்பது வேறு மாதிரி. தின்றது எதுவோ அது எலும்பில் ஏறிவிடும். நாங்கள் எடுத்த சத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால், அங்கே ஒரு மெஷின் இவர் கம்பங்கூழ்க்காரர், இவர் நெல்லுச்சோற்றுக்காரர், இவர் மீன் இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார் என்று பிரித்துச் சொல்லிவிடும்.

பால்குடி மறக்காத பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டு, சைதாப்பேட்டையில் பஸ் ஏறி, எவர் வீட்டிலோ எந்தக் காலத்திலோ என்ன சமையல் என்று பார்க்கப் போகிறவள் நான். வேலைக்குப் போகும் அம்மாமார்களே, நீங்களாவது என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முழங்கால் வைத்தியம்

பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காரும் பூக்கார அம்மா ஒருநாள், "எங்க வேலை?" என்று கேட்டார். "எலும்பு பாக்கிற எடத்துலம்மா" என்றேன். அவ்வளவுதான். கூடையை என் மடியில் வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கம் மடக்கினால் வலிக்கிறது, எந்தத் தைலம் போட்டும் கேட்கவில்லை என்று எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சின்னமலை தாண்டிவிட்டது.

நான் மெதுவாக, "இல்லம்மா, நாங்க பாக்கிறது ரொம்பப் பழைய எலும்பு. மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது" என்று விளக்கினேன். கூடையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு சொன்னார்: "அப்போ நான் செத்து மண்ணாப் போனாத்தான் பாப்பியா? நல்லாக்கீது உன் ஆஸ்பத்திரி!"

முள் மட்டும் போதும்

பழைய எலும்பை எதனோடு ஒப்பிடுவது? இந்தக் காலத்து மீன், ஆடு, கோழி எல்லாவற்றின் எலும்பும் வேண்டும், வேகவைக்காமல். ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் மேடம் மயிலாப்பூர், சுத்த சைவம். மீன் என்ற சொல்லைக் கேட்டாலே கைக்குட்டையைத் தேடுவார். ஆகவே ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குப் போவது என் பங்கு.

அங்கே மீன் விற்கும் எல்லம்மாக்காவிடம் சங்கராவும் வஞ்சிரமும் வாங்கினேன். அங்கேயே சதையை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, முள்ளை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். சதையை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைதான். ஆனால் நேராக ஆபீசுக்குப் போக வேண்டும், மேடத்தின் மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது. எல்லம்மாக்கா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருடி, காசு குட்த்து மீனை வுட்டுட்டு முள்ளை எட்த்துகினு போவுது. பூனை கூட இப்டி பண்ணாது!"

சாமிக்கு முடி

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை, சத்துக் கணக்கில் தாயைவிட ஒரு படி மேலே நிற்குமாம். பாலை மறந்ததும் அந்தப் படி இறங்கிவிடுமாம். இதைச் சரிபார்க்க என் பெண் திவ்யாவின் முடியில் ஒரு கொத்து கேட்டார் மேடம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். முதல் முடி குலசாமிக்கு நேர்ந்தது. அதில் ஒரு மயிர் குறைந்தாலும் தெய்வக் குற்றம். மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடம் கோபிக்கவில்லை. "வாஸ்தவம்தானே, எங்காத்துலயும் விடமாட்டா. நகம் போறும். உன்னோடதும் கொண்டுவா" என்றார். குழந்தை தூங்கும்போது நகம் வெட்டிக் காகிதத்தில் மடித்தேன். மாமியார் விளக்குமாற்றோடு நின்று வேடிக்கை பார்த்தார்: "இன்னிக்கு நகத்தைக் கேக்குறவங்க நாளைக்குப் பல்லைக் கேப்பாங்க. பல்லு எம் பேத்திக்கு வேணும், சொல்லிடு."

காலி பாட்டில்

இனி வருத்தமான பகுதி. எலும்பை மெல்லிய அமிலத்தில் போட்டுக் குளிர்ச்சியில் வைத்தால் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோகும். சத்து இருந்தால் அதே எலும்பு வடிவத்தில், நுங்கு மாதிரி, வழவழவென்று ஒன்று மிஞ்சும். நம் ஊர் வெயிலில் மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த எலும்பில் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பார்த்தோம். தண்ணீர்தான்.

கடைசியாக ஒரே ஒரு தாழி. அதில் ஒரு பெண்ணும் ஒரு சின்னக் குழந்தையும். ரெண்டு பாட்டில் போட்டோம். இதிலும் ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டும், எனக்கும் வேலை இல்லை. ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் குளிர்பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்லாததைப் பத்திரமா வெக்கிறதுக்கு எதுக்கும்மா ஒரு ஃப்ரிட்ஜ்?"

கரண்ட் போச்சு

அக்கினி நட்சத்திரம். காலையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்று வெடித்தது. கரண்ட் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். சூடேறினால், மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்சமும் அமிலத்தில் கரைந்துவிடும். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைகளில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிக்கொண்டிருந்தது. எனக்குக் குப்பம் ஞாபகம் வந்தது. மேடத்தையும் ஆட்டோவில் ஏற்றினேன். மடியில் ஆளுக்கொரு பாட்டில், மேல் மூடியை இறுக்கி, ஈரத்துணி சுற்றி.

எல்லம்மாக்காவின் தெர்மோகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ், ஐஸுக்குள் மீன். பொய் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பொணத்தோட எலும்பையா? என் மீன் பொட்டியிலயா? வேவாரம் நடக்குற எடம்மா இது!"

மேடம், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, "சின்னக் கொழந்தைம்மா. இதுல இருக்கறது கொழந்தை" என்றார்.

"இன்னா வயசு?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

எல்லம்மாக்கா குனிந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு மீனையெல்லாம் வாரிப் பக்கத்துக் கூடையில் போட்டார். பெட்டியைக் கழுவி, கோணிக்குள் இருந்த புது ஐஸை உடைத்துக் கொட்டி, ரெண்டு பாட்டிலையும் தன் கையாலேயே உள்ளே இறக்கினார். ஒன்றையொன்று ஒட்டினாற்போல. மூடிக்கு மேல் கோணியைச் சுற்றி என்னிடம் நீட்டினார்: "சீக்கிரம் எட்த்துகினு போ. கொயந்த சூடு தாங்காது."

மெஷின் சொன்னது

ஒரு வாரம் கழித்து நானும் மேடமும் பாட்டிலைத் திறந்தோம். ரெண்டிலும் இருந்தது. பெண்ணுடையதில் கொஞ்சம். குழந்தையுடையதில், என் சுண்டுவிரல் அளவுக்கு, கண்ணாடி மாதிரி ஒரு எலும்பு. மேடம், இன்னமும் மீன் ஐஸ் வாடை போகாத என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஆராய்ச்சி மூடப்படவில்லை. என் வேலையும் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது.

மாதங்கள் கழித்து வெளிநாட்டிலிருந்து முடிவு வந்தது. அந்தப் பெண் கம்பும் தினையும் சாப்பிட்டவள். குழந்தை அவளைவிட ஒரு படி மேலே நின்றது, என் நகத்தைவிடத் திவ்யாவின் நகம் நின்ற மாதிரியே. அன்று மாலையே குப்பத்துக்குப் போய், "அக்கா, அந்தப் பாப்பா கடைசி வரைக்கும் தாய்ப்பால் குடிச்சிட்டுத்தான் இருந்திருக்கு" என்றேன். எல்லம்மாக்கா மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி சுரண்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப பசியோட போவல. அது போதும்."

ஆகவே சகோதரிகளே, இன்றைக்கு நாம் என்ன சமைத்தோம் என்று வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லையே என்று மனசு விட்டுப்போகாதீர்கள், அவரவர் எலும்பு கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.