குமிழி விட்ட புட்டி

எங்கள் ஆய்வகத்தில் அவளைப் புட்டியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்க விளக்கு அலமாரியின் முன் நின்று, மூடிய புட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே இருப்பது வெளிச்சத்தில் வளரும் பாக்டீரியா. நன்றாக வளர்ந்தால் புட்டி பீட்ரூட் சாறு போலச் சிவக்கும். அக்காவுடையது மட்டும் வெளிறிக் கிடந்தது.

வெளிச்சம் பட்டால் அதன் உடம்புக்குள் எலக்ட்ரான்கள் வட்டம் சுற்றும். அந்தச் சுற்றில்தான் அதற்குச் சக்தி. தின்னும் தீனியிலிருந்தும் எலக்ட்ரான்கள் வந்து சேரும். மிஞ்சியதைக் கரியமில வாயுவின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும். அக்கா அந்த வழியை மரபணுவிலேயே வெட்டிவிட்டாள், வேறு வழி தேடிக்கொள்கிறதா என்று பார்க்க. தேடிக்கொண்டபாடில்லை. இந்த முறையும் வளராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர். வருடக்கணக்கான உழைப்பு.

வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. வெளியூர்த் தம்பியிடமிருந்து போனில் புத்திமதி மட்டும் தவறாமல் வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யார் என்ன சொன்னாலும் அக்கா "ம்" என்பாள். அந்த "ம்" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பி நாலு வார்த்தை கேட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

புட்டிகள் வாடிக் கிடப்பதைப் பார்த்து, பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தீனி சேர்த்தாள். உள்ளதும் போயிற்று. பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். அது பட்டினி கிடக்கவில்லை. வந்த எலக்ட்ரானை இறக்கி வைக்க இடமில்லாமல் சுற்று அடைத்து, வயிறு நிறைந்தே வாடிக்கொண்டிருந்தது.

அலமாரியைக் காலி செய்யப் போன அன்று, ஓரத்துப் புட்டி ஒன்றில் குமிழி. ஏதோ வேறு கிருமி புகுந்துவிட்டது, கொட்டிவிடலாம் என்றேன். அக்கா நுண்ணோக்கியில் பார்த்தாள். அவளுடையதேதான். ஊசியால் வாயுவை உறிஞ்சிக் கருவியில் செலுத்தினாள். ஹைட்ரஜன்! நைட்ரஜனைப் பிடிக்கிற நொதியைத் தேவையே இல்லாத நேரத்தில் முடுக்கிவிட்டு, மிஞ்சிய எலக்ட்ரான்களை வாயுவாக வெளியே தள்ளியிருந்தது. புட்டியில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. கெட்டிக்காரப் பயல்.

பேராசிரியர் அலமாரியை விட்டுவைத்தார். நான்தான் துள்ளினேன், அக்காவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. தம்பிதான். அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, புரட்டிப் படுக்க வைக்கிறாயா என்று வழக்கமான விசாரணை. "ம்" வரும் என்று காத்திருந்தேன்.

"என்னால முடியலடா," என்றாள் அக்கா. "ரொம்ப அசந்து போயிட்டேன். அடுத்த மாசம் நீ வந்து அம்மாவைப் பாத்துக்கோ."

அந்தப் பக்கம் அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"நீ ஒரு வாட்டிகூடச் சொன்னதில்லையேக்கா."

போனை வைத்துவிட்டு அக்கா அழுதாள். வெளியே வரட்டும் என்று நான் தேற்றப் போகவில்லை.