யாரும் உட்காராத நான்கு நாற்காலிகள்

சட்டப் புத்தகம் படித்து ஒருத்திக்குச் சந்தோஷத்தில் தூக்கம் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குப் போனது.

அருப்புக்கோட்டை பைபாஸில் ஏ.சி. ரெஸ்டாரண்ட் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மடித்து வைத்த துணி நாப்கின், மஞ்சள் விளக்கு, மெல்லிய பாட்டு. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பஞ்சு வியாபாரம். "இந்த ஊருல எவன் இந்த வெலைக்குச் சாப்புடுவான்?" என்று கேட்டார்கள். அவர்கள் முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி.

கூட்டம் வந்தது. அதற்குப் பாதிக் காரணம், பக்கத்துப் பாலவநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து பரிமாறிய ஒரு பெண். போன தடவை நீங்கள் எதை மிச்சம் வைத்தீர்கள் என்பது வரை அவளுக்கு நினைவிருக்கும். அவளைக் கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் உண்டு.

ஒரு திங்கட்கிழமை என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எவன் கூப்புட்டான்? எம்புட்டுக் கூடத் தாறேன்னான்?"

"யாரும் கூப்புடலக்கா. காலு தாங்கல." சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். நரம்பெல்லாம் பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது.

வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது நான் போட்ட விதி. உயர்தர ஹோட்டல் என்றால் அப்படித்தான் என்று எனக்கு நினைப்பு. மாதக் கடைசி வரை யோசி என்று சொல்லி அனுப்பினேன்.

லைசென்ஸ் வாங்கியபோது ஆடிட்டர் கொடுத்த தொழிலாளர் சட்டப் புத்தகம், கல்லா மேஜை ஆடாமலிருக்க ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை உருவினேன். உண்மையைச் சொல்கிறேன், அவளை நிறுத்தி வைக்க ஏதாவது விதி அகப்படுமா என்று தேடித்தான் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நான் செய்ய வேண்டியதுதான் இருந்தது. வார விடுமுறை, இடையில் ஓய்வு, பண்டிகை விடுமுறை. என்னைத் திட்டுவதற்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது. அப்புறம் அந்த இடம் வந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலச் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்! இவ்வளவு சின்ன விஷயமா? இதற்காகவா அவள் போகிறாள்?

மறுநாள் காலையிலேயே விருதுநகருக்கு வண்டியை விட்டேன். தொழிலாளர் துறை அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா நான் மூச்சுவிடாமல் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அது கடைகளுக்குப் போட்ட சட்டம். ஹோட்டலுக்கு வேற சட்டமும் இருக்கு. உங்களுக்குப் பொருந்துமான்னு வக்கீல் வச்சு வாதாடலாம்" என்றவர், கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா நாற்காலி போடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா."

திரும்பும் வழியிலேயே நான்கு நாற்காலி வாங்கிவிட்டேன். மெத்தை வைத்தது. ஹாலின் ஓரமாகப் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு, சட்டத்தை வாசித்தும் காட்டினேன்.

பத்து நாள் ஆகியும் ஒருத்தர் உட்காரவில்லை. டேபிளுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த நாற்காலிகளைத் தூக்கிக் கொடுத்து உபசாரம் செய்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "இனிமே உக்காரலைன்னா சம்பளத்தப் புடிப்பேன்!" என்று கத்தினேன். இஷ்டத்துக்குச் சம்பளம் பிடிக்கவும் சட்டம் விடாது என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாலவநத்தத்துக்காரிதான் மெதுவாகச் சொன்னாள். "நீங்க நிக்கிறீகளேக்கா. நீங்க நிக்கையில நாங்க எப்புடிக்கா உக்கார்றது?"

திறந்த நாளிலிருந்து நான் வாசலில் நின்று கும்பிட்டுத்தான் எல்லாரையும் வரவேற்கிறேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமை நான்கு நாற்காலிகளையும் பூட்டி வைத்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் இருக்கும்போதே, கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலியை இழுத்து வந்து அந்த நான்கின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என் காலும் வலிப்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர். வழக்கமாக வருகிற ஒருவர் உள்ளே வர, எல்லாரும் துள்ளி எழுந்தோம். "இருங்கம்மா, மெனுவப் பாத்துட்டுக் கூப்புடுறேன்" என்று அவர் பாட்டுக்கு டேபிளுக்குப் போய்விட்டார். ஹோட்டலின் கௌரவம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மாதத்தின் கடைசி நாள் காலையிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வந்தாள்.

"அக்கா, அடுத்த மாசம் எனக்கு எந்தக் கெழம லீவு?"

விடுமுறை அட்டவணையை எடுக்க நான் எழுந்து ஓடினேன்.

"மெதுவாக்கா, நீங்க உக்காருங்க" என்றாள்.