வானத்திலிருந்து அக்காவின் போட்டோ

அக்காவுக்கு வந்த அந்த வரன் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சுரங்கத்தில் இன்ஜினியர். அங்கே போன் லைன் கிடையாது, சாட்டிலைட் டிஷ் வழியாகத்தான் இன்டர்நெட் என்று அவர் அம்மா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை நேரில் வர முடியாததால் ஈமெயிலில் போட்டோ கேட்டார்கள். தாம்பரம் ஸ்டுடியோவில் மெரூன் பட்டுப் புடவையில் எடுத்து, ஸ்கேன் பண்ணி நான்தான் அனுப்பினேன். அக்கா முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி. இதாவது அமைய வேண்டுமே என்று எல்லோருக்கும் தவிப்பு.

பொழிச்சலூரில் என் நண்பன் ஒருவன் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் சொருகி, சாட்டிலைட்டில் வருவதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தான். சாட்டிலைட் ஆள் பார்த்துக் கொடுக்காது. இங்கிருந்து ஆப்பிரிக்கா வரை எல்லோர் தலையிலும் எல்லாவற்றையும் கொட்டும். ஒவ்வொரு வீட்டு மோடமும் தன் எண் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இவன் கார்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது. அப்போது பாஸ்வேர்டு போடும் பக்கத்துக்கு மட்டும்தான் பூட்டு. அதைத் தாண்டினால் மெயிலும் படமும் திறந்தபடியே வரும்.

என் கஷ்டகாலம், அந்தச் சுரங்கமும் அதே சாட்டிலைட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு போனபோது, "மச்சான், நம்ம அக்காடா! மேலேர்ந்து வந்து வுழுந்துகீது பாரு" என்றான். மானிட்டரில் மெரூன் புடவை. அழித்துவிடு என்றேன்.

"நான் அழிச்சிட்டா ஆச்சா? இன்னும் எத்தினி பேரு புடிச்சினுகீறானோ!"

மாப்பிள்ளையிடம் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார். வேவு பார்க்கிற குடும்பம் என்று சம்பந்தமே முறிந்துவிடும். அக்காவிடம் மட்டும் சொன்னேன். கன்னாபின்னாவென்று திட்டினாள். பிறகு மெதுவாக, "அப்போ அவர் பார்த்துட்டாரா?" என்றாள்.

பார்த்தார். தினமும் வேலை முடிந்து திறந்து பார்த்தார். அவர் ஆசையாகத் திறக்கும்போதெல்லாம் படம் மறுபடியும் சாட்டிலைட்டிலிருந்து இறங்கி, அக்கா பாதி உலகத்தின் மேல் விழுந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அக்காவோ நான் பொழிச்சலூரிலிருந்து வந்ததும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில், "இன்னைக்கும் வந்துதாடா?" என்று கேட்க ஆரம்பித்தாள். வந்தது என்றால் முகம் மலர்ந்துவிடும். புது ஜாக்கெட் ஒன்று தைக்கக்கூடக் கொடுத்திருந்தாள்.

சில வாரங்களில் மாப்பிள்ளையின் அதே மோடம் எண்ணுக்கு வேறொரு பெண்ணின் போட்டோ வந்தது. பச்சைப் பட்டு, ஸ்டுடியோ சிரிப்பு. திரும்பத் திரும்ப அவளே வந்தாள். பாவம், அவளுக்கு இது தெரியாது. அக்காவின் போட்டோ வரவே இல்லை. நண்பன் மானிட்டரை அணைத்தான்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துதாடா?"

"மேகமா இருந்தா சிக்னல் வராதுக்கா."

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அக்கா அண்ணாந்து பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.