இத்ரீஸ் செய்த கபாப் பலகை

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி வேன் ஓட்டும் இத்ரீஸுக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக அவனுடைய நாளை அவன் தீர்மானித்ததில்லை. ட்ரிப் சூப்பர்வைசர் பிரபாவின் போன்தான் தீர்மானித்தது. சோற்றில் கை வைத்தால் போன் வரும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வரும்.

அவன் தங்கை ஃபர்சானா பொத்தேரியில், கல்லூரிப் பிள்ளைகளை நம்பி ஒரு கபாப் கடை போட்டாள். கைப்பிடி வைத்த மரப்பலகையில் கபாபை அடுக்கி மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை. கடையில் வாங்கப் போனவளைத் தடுத்து, தானே செய்து தருவதாகச் சொன்னான் இத்ரீஸ். பத்தாவது முடித்ததும் மூன்று வருடம் தச்சுப்பட்டறையில் இருந்தவன். கை மறந்திருக்காது என்று நினைத்தான்.

வீட்டுக்காரர் கழற்றிப்போட்ட பழைய தேக்கு நிலைச்சட்டத்தை ஐந்து பட்டைகளாக அறுத்து, மாடியில் வைத்துப் பசை தடவினான். கிளாம்பை முறுக்கும்போது பிரபா கூப்பிட்டார். நாவலூரில் ஒரு வண்டி நின்றுவிட்டதாம். அரைகுறையாக இறுக்கிவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது பட்டைகள் ஏறியும் இறங்கியும் காய்ந்திருந்தன.

பிரித்து அறுத்து, இரண்டாம் முறை ஒட்டினான். இந்த முறை நன்றாகப் பிடித்தது. பாதி இழைத்திருந்தபோது மறுபடி போன். பலகையை வெயிலிலேயே விட்டுவிட்டுப் போனான். வந்து பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மேசையில் வைத்தால் லொடலொடவென்று ஆடியது. ஒரு பக்கம் இழைத்தால் மறுபக்கம் ஆடியது. ஆத்திரத்தில் அதைச் சுவரில் அடித்தான், ஒட்டுவாய் பிளந்தது.

ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொன்னாள் மனைவி உம்மு சல்மா.

"பலகையா பிரச்சன?" என்றான் அவன். "ஒரு வேலைய ஆரம்பிச்சா முடிக்க வுட மாட்றானுங்க. அதான் பேஜாரா கீது."

அடுத்த சனிக்கிழமை காலையில் போனை அணைத்தான். ஞாயிறு மாலைவரை திறக்கவில்லை. மீதமிருந்த சட்டத்தை, வளையக் கூடாதென்று தடிமனாகவே அறுத்து ஒட்டினான். நிழலில் காயவைத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவினான். பலகை ஆடாமல் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை பிரபா திட்டவில்லை. சிறுசேரி ட்ரிப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இத்ரீஸை இரண்டு வாரம், யாராவது வராவிட்டால் ஓட்டும் ஸ்பேர் டிரைவராக ஸ்டாண்டில் உட்காரச் சொன்னார்.

அன்று மாலை பலகையைக் கடைக்கு எடுத்துப்போனான். ஃபர்சானா அதைத் தடவிப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். மணிக்கட்டு தாழ்ந்தது. இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஒத்தக் கையில தூக்க முடில அண்ணே," என்றாள் தயங்கியபடி. "வெங்காயம் அரிய வச்சிக்கட்டா? அதுக்கு சூப்பரா கீது."

இன்னும் இழைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். எந்த நாளில் இழைப்பது? தலையை மட்டும் ஆட்டினான். பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவள் அதன்மேல் வெங்காயத்தை வைத்து அரிந்தாள். புத்தம்புதுப் பலகையில் கத்தி கோடு போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமலே கிளம்பினான். ஸ்பேர் டிரைவர் ஆறு மணிக்குள் வண்டி ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.