பச்சை எழுத்தை நம்பினேன்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நேரம். ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர், மெயில் சர்வர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சொந்த ஊர் நகரி. சந்தேகக் குணம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். என் வேலைக்கு அது நல்லதுதானே என்று பெருமை வேறு.

அந்த மாதம்தான் பழைய மெயில் சர்வரிலிருந்து புதியதற்கு மாறியிருந்தோம். அவரவர் பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொள்ள மெயில் பக்கத்தில் ப்ளகின் என்கிற ஒரு சின்னத் துணை நிரலும் போட்டு வைத்தேன். மாற்றி முடித்ததும் ‘வெற்றிகரமாக மாற்றப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வரும்.

ஒரு வியாழக்கிழமை, ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மெயிலிலிருந்து தொழிற்சாலைத் தலைவருக்கு ஒரு கடிதம் போய்விட்டது. சூப்பர்வைசரைப் பற்றிக் காது கூசும் வசவு. அந்தப் பெண் வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமம். வீட்டில் எல்லோருக்கும் கூலி வேலை. ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். தான் அனுப்பவே இல்லை என்று அழுதார்.

எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் பதிவுகளைப் புரட்டினேன். அந்தப் பெண் திங்கட்கிழமையே பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். பச்சை எழுத்தும் வந்திருக்கிறது. மெயில் போனது வியாழன், எல்லோரும் உட்காரும் டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரிலிருந்து. புது பாஸ்வேர்ட் இவரைத் தவிர யாருக்குத் தெரியும்? தன் மேஜையை விட்டு அங்கே போய் அனுப்பியதே கள்ளத்தனம்தான் என்று எனக்குள் முடிவு கட்டி, அனுப்பியது அவர்தான் என்று சொன்னேன். “கேரண்டீயேனா?” என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். கேரண்டி என்றேன்.

“சார், வேலை பூட்டுதுன்னா எங்க நைனாகிட்ட நான் இன்னானு சொல்றது?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

எழுத்து மூலம் ரிப்போர்ட் கேட்டார்கள். பாஸ்வேர்ட் மாறுவதைப் படம் பிடித்து அதில் சேர்க்கலாம் என்று, மறுநாள் காலை அக்கவுன்ட்ஸ் கிளார்க் ஒருவரை என் கண்ணெதிரே மாற்றச் சொன்னேன். மாற்றினார். பச்சை எழுத்து வந்தது. அடுத்த நொடி மெயில் அவரை வெளியே தள்ளியது. அவரோ அசராமல் ஒரு பட்டனை அமுக்கி மறுபடி உள்ளே போய்விட்டார். கை கீபோர்டைத் தொடவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன்.

“மாத்தினா ஒருவாட்டி வெளிய தள்ளும் சார். அதுலயே பழைய பாஸ்வேர்டு ரொம்பிக்கினு இருக்கும். அமுக்கினா பூடும். எல்லாரும் அப்டித்தான் பண்ணிக்கினு இருக்கோம்.”

புது பாஸ்வேர்டைக் கையால் அடிக்கச் சொன்னேன். தவறு என்றது. மூன்று முறை அடித்தும் அதே. பழையதை அடித்தால் ஜம்மென்று திறந்தது.

ஓடிப்போய் ப்ளகினின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பழைய மெஷினிலிருந்து அப்படியே நகல் எடுத்துப் போட்டது நான். சர்வர் முகவரி வரியை மாற்ற மறந்ததும் நான். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய சர்வரை அணைக்காமல் மேஜைக்கடியில் ஓடவிட்டதும் நானேதான். ப்ளகின் ஒழுங்காகப் பழைய சர்வரில் போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மாற்றியாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது. புது சர்வரில் யாருடையதும் மாறவே இல்லை. எல்லோருக்கும் நான் முதலில் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? கம்பெனி பெயரும் அவரவர் ஊழியர் எண்ணும். எண் அடையாள அட்டையில் எல்லோர் கழுத்திலும் தொங்குகிறது. டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அந்த மெயிலை அனுப்பியிருக்கலாம்.

ஒரு வரியைத் திருத்தினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. பொய் சொல்லவில்லை, அந்த நினைப்பு எனக்கு வந்தது. பிறகு திருத்தாமல், கோப்பைத் திறந்தபடியே லேப்டாப்போடு மேனேஜர் அறைக்குப் போனேன். நல்ல டோஸ் விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். மெயிலை அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போய், தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ரசீதுகளை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “நான் பண்லனு சொல்லிக்கினேதான சார் இருந்தேன். ஒரே ஒரு வாட்டி செக் பண்ணி இருக்கலாமே.”

பூட்டிய கதவை இன்றும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் யாராவது ‘நான் செய்யவில்லை’ என்று சொன்னால், அவரைச் சந்தேகப்படும் முன் நான் போட்ட பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.